மருத்துவச்சி வேலைக்கு ஆள் தேடிய கதை

அன்புள்ள சரசுவுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. ஆவணி பிறந்துவிட்டதே, வளைகாப்புக்கு நாள் குறித்தாயிற்றா, என்னை அழைத்துப் போக வண்டி எப்போது வரும் என்று கேட்டிருக்கிறாய். ஒரே வரியில் பதில் எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன், முடியவில்லை. வளைகாப்பை அங்கே வந்து குறைவில்லாமல் நடத்திவிட்டு வருவோம். ஆனால் உன்னைப் பிரசவத்துக்கு இங்கே அழைத்து வர வண்டி இப்போதைக்கு வராது. இதைப் படித்ததும் உனக்குக் கண் கலங்கும். தலைப்பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்கு வராதே என்று எந்த அப்பனாவது எழுதுவானா என்று உன் மாமியார் கேட்பார்கள். கேட்கட்டும். நீ முழுவதையும் படித்துவிட்டு அப்புறம் என்னைத் திட்டு.

ஊரையே நிர்வாகம் பண்ணுகிற மேரி ஆபீஸில் மருத்துவச்சி வேலைக்கு ஒரு விளம்பரம் எழுத மாசி தொடங்கி ஆனி வரைக்குமா, இத்தனை வருஷமாக அங்கே உட்கார்ந்து என்னதான் எழுதுகிறீர்கள் என்று போன கடிதத்தில் கிண்டல் செய்திருந்தாய். உன் வாய் அப்படியே உன் அம்மா வாய். வண்டி ஏன் வராது என்பதற்கும் அந்த விளம்பரத்துக்கும் சம்பந்தம் இருக்கிறது. அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். சொல்லவே அலுப்பாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன்.

நான் மேரியில் குமாஸ்தாவாகச் சேர்ந்த நாள் முதல் ஆள் தேவை என்று எழுதாத வருஷம் கிடையாது. தெருவிளக்கு ஏற்ற ஆள் தேவை, ஏரிக்குக் காவல் தேவை, பட்டியில் மாடு அடைக்க ஆள் தேவை. எல்லாவற்றையும் அழகான கையெழுத்தில் எழுதி, மேரியின் தலைவரான மேர் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, சுவரில் ஒட்டுவோம். ஆனால் உனக்குத் தெரியாத ஒன்று உண்டு. எங்கள் வழக்கத்தில் ஆள் முதலில், விளம்பரம் அப்புறம். மேருடைய மச்சான் மகனோ மெம்பர் வீட்டுப் பண்ணையாளோ யாரோ ஒருவன் ஏற்கெனவே முடிவாகியிருப்பான். அவன் உயரம், அவன் வயது, அவன் படிப்பு எதுவோ அதை அப்படியே தகுதி என்று எழுதச் சொல்வார்கள். அவனுக்கு ஆறு விரல் இருந்திருந்தால், ஆறு விரல் உள்ளவருக்கு முன்னுரிமை என்று எழுதியிருப்பேன். அது ஆளை அளவெடுத்துச் சட்டை தைக்கிற வேலை. முகம் தெரியாத ஒரு ஆளைப் பார்த்து, இந்த வேலை இன்னது, இஷ்டமிருந்தால் வா என்று கூப்பிட நாங்கள் யாரும் பழகவே இல்லை. மருத்துவச்சி வேலை வந்தபோதுதான் எங்கள் கையில் ஆள் இல்லை. அப்போதுதான் எங்களுக்கு எழுதத் தெரியாது என்பது தெரிந்தது.

அந்த வேலை எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எதிர்வீட்டுத் தனம், உன்னோடு பாண்டி ஆடியவள், போன கார்த்திகையில் பிரசவத்துக்கு வந்தவள் தவறிவிட்டாள் என்று மட்டும் உனக்கு எழுதினோம். நீ புதுசாகக் கல்யாணமானவள், பயந்துவிடுவாய் என்று மீதியை எழுதவில்லை. நம்மூர் மருத்துவச்சி அதற்கு முந்தின கோடையிலேயே காலமாகிவிட்டாள். அதனால் கரியமாணிக்கத்திலிருந்து உன் அம்மாவின் சித்தியைக் கூட்டி வந்து தனத்தின் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். கிழவிக்குத் தைரியம் உண்டு, வேறெதுவும் கிடையாது. பிள்ளை குறுக்கே கிடந்திருக்கிறது. கஷாயம் கொடுத்துக் கொடுத்துப் பார்த்துவிட்டு, முடியாமல் போனதும் வண்டி கட்டிப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். மலட்டாற்றில் வெள்ளம். வண்டி இக்கரையிலேயே நின்றது. மழை விட்டு ஆறு வடிந்தபோது, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய வேலையே இல்லாமல் போயிற்று. தனத்தின் அப்பா மேரி வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றார். அவர் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தார். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் மேர் புதுச்சேரிக்கு எழுதினார். தை கழிவதற்குள், ஆஸ்பத்திரியில் பயின்ற மருத்துவச்சி ஒருத்தியை நம் ஊரிலேயே வைத்துக்கொள்ள உத்தரவு வந்தது.

உத்தரவு வந்ததும் கூட்டம் கூடி ஆளாளுக்குச் சொன்னார்கள், நான் எழுதினேன். நல்ல குடும்பத்துப் பெண்ணாக இருக்க வேண்டும். நாற்பது வயதுக்கு மேல் இருக்க வேண்டும். அடக்கமாகப் பேச வேண்டும். மாமிசம் சாப்பிடாதவளாக இருந்தால் நல்லது. கைக்குழந்தை இருக்கக் கூடாது. பிரெஞ்சு எழுதப் படிக்கத் தெரிய வேண்டும். தனியாக வெளியே சுற்றக் கூடாது, விளக்கு வைத்த பிறகு வீட்டை விட்டு இறங்கக் கூடாது. அடுத்த வரியிலேயே, எந்த நேரத்தில் அழைத்தாலும் உடனே வர வேண்டும். எழுதி முடித்து உரக்கப் படித்தேன். கூட்டத்தில் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை, எனக்கும் வரவில்லை. பெண் பார்க்கப் போகும்போது பேசுகிற பேச்சையே எல்லோரும் பேசினார்கள், நானும் அதே பழக்கத்தில் எழுதிவிட்டேன். அவள் எங்கே தங்குவாள், அவளுக்கு என்ன சம்பளம், என்னென்ன வேலை, யாருக்குப் பதில் சொல்ல வேண்டும், ஒன்றுமே அதில் இல்லை. சம்பளத்தை எழுதினால் மற்ற வேலைக்காரர்களும் கேட்பார்கள் என்று மேர் சொன்னார், நேரில் பேசிக்கொள்ளலாம் என்று போட்டோம். நம் வீட்டு மருமகளைத் தேடுகிற மாதிரி எழுதினால், பிரசவம் பார்க்கத் தெரிந்தவள் எப்படி வருவாள்? பங்குனி முழுவதும் அந்தத் தாள் சுவரில் காய்ந்தது.

சித்திரையில் ஒருத்தி வந்தாள். வில்லியனூர்ப் பக்கத்துக்காரி, ரோசம்மாள் என்று பெயர். புருஷன் செத்துப்போய், ஆஸ்பத்திரியில் வேலை கற்றுக்கொண்டவள். வயது முப்பது இருக்கும், இடுப்பில் ஒரு பெண் குழந்தை, வாயில் வெற்றிலை. நாங்கள் கேட்டதில் ஒன்றுகூட அவளிடம் இல்லை. அவள் பார்வையும் அவ்வளவு மரியாதையாக இல்லை. வந்ததும் முதலில் சம்பளத்தைக் கேட்டாள், மேருக்கு முகம் சுருங்கியது. நாற்பது வயது என்று போட்டிருக்கிறதே, பார்க்கவில்லையா என்றார். பார்த்தேன் என்றாள். மழைக்காலத்தில் வரப்பு மேல் விழாமல் ஓட நாற்பது வயதுக்காரியால் ஆகுமா, அதை எழுதினவருக்கு ஆகுமா என்று கேட்டாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கூப்பிடும்போது ஆள் அனுப்புவீர்கள், வேலை முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து விடுவது யார் என்று கேட்டாள். அதைப் பற்றி நாங்கள் யோசிக்கவே இல்லை. கடைசியாக வெற்றிலையை வெளியே போய்த் துப்பிவிட்டு வந்து நின்றாள்.

"சேரிலயும்தான் புள்ள பொறக்குது. அங்க நான் போணுமா, வேணாமா? போனா உங்க தெருவுல உள்ள வுடுவீங்களா? இன்னான்னு தாள்ல எழுதுங்க. எழுதுனா வர்றன்."

மேர் ஜன்னலைப் பார்த்தார். அரிசிக்கடை ராவுத்தர் மட்டும், மெம்பர்களில் அவர் ஒருவர்தான் கொஞ்சம் நேராகப் பேசுகிறவர், இந்தப் பொண்ணு கேட்பது நியாயந்தானே என்று முணுமுணுத்தார். யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. போக வேண்டும் என்று எழுதினால் நம் தெருவும் மேலத் தெருவும் அவளை வாசற்படி ஏற விடாது. போக வேண்டாம் என்று எழுதவும் முடியாது. சேரி வரியும் சேர்ந்துதான் மேரிக்கு வருகிறது, புதுச்சேரியிலிருந்து கேள்வி வரும். ஆகவே எழுதாமல் விடுவதுதான் எல்லோருக்கும் சௌகரியமாக இருந்தது. நீ உண்டாகியிருக்கிறாய் என்று மாப்பிள்ளை எழுதிய கடிதம் அப்போது என் சட்டைப் பையில் இருந்தது, சரசு. அதை வைத்துக்கொண்டு நானும் பேனாவைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரோசம்மாள் குழந்தையை மறுபக்கத்து இடுப்புக்கு மாற்றிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

அவள் போன பிறகு நாங்கள் செய்த காரியத்தைக் கேள். விளம்பரத்தைத் திருத்தினோம். ஆனால் எந்த நிபந்தனையையும் எடுக்கவில்லை, மேலே இன்னும் கொஞ்சம் சேர்த்தோம். நம் ஊர் ஏரிப் பாசனம் உள்ள செழிப்பான ஊர், கோயில் உள்ள ஊர், ஜனங்கள் மரியாதை தெரிந்தவர்கள், பாலும் மோரும் தாராளமாகக் கிடைக்கும் என்றெல்லாம் எழுதச் சொன்னார்கள். ஆள் வராததற்குக் காரணம் ஊரின் பெருமை அவர்களுக்குத் தெரியாததுதான் என்று மெம்பர் ஒருவர் முடிவு கட்டிவிட்டார். வைகாசி போயிற்று. ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. இதற்குள் உன் அம்மா உனக்காக நெய் காய்ச்சி ஜாடியில் சேர்க்க ஆரம்பித்துவிட்டாள். நான் ஒவ்வொரு நாளும் மேரியிலிருந்து வந்து சட்டையைக் கழற்றும்போது, ஆள் வந்துதா என்று கேட்பாள். இல்லை என்பேன். நல்லதாப் போச்சு, சித்தி இருக்குது என்பாள். எனக்குத் தனம் ஞாபகம் வரும்.

ஆனியில் புதுச்சேரியிலிருந்து இன்னொரு காகிதம் வந்தது. இன்னும் ஆள் போடவில்லை என்றால் இந்த வேலையையே வேறு கொம்யூன் மேரிக்கு மாற்றிவிடுவோம் என்று. மேர் அதை என் மேஜை மேல் போட்டுவிட்டு, எதையாவது எழுதித் தொலையும் என்றார். அவருக்கும் சலித்துவிட்டது. நான் வீட்டுக்கு வந்து, பழைய இரண்டு தாளையும் ஓரமாக வைத்துவிட்டு, அந்த ரோசம்மாள் எதிரே நிற்கிறாள், அவள் கேட்பதற்கு நான் பதில் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு எழுதினேன். எப்படிப்பட்டவள் வேண்டும் என்பதை விட்டுவிட்டு, என்ன வேலை என்பதில் தொடங்கினேன். பிள்ளை பெறும் பெண்களை மாசமாக இருக்கும்போதே போய்ப் பார்ப்பது, பிரசவம் பார்ப்பது, அதன் பிறகும் சில நாள் போய் வருவது. சம்பளத்தை எழுதினேன். தங்குவதற்கு மேரிக்குப் பின்னால் ஓட்டு வீடு, கிணறு பக்கத்தில், கூரையில் ஒரு மூலை ஒழுகுகிறது, மழைக்கு முன் சரிசெய்து தரப்படும் என்று எழுதினேன். மழைக்காலத்தில் வழி மோசம் என்பதையும் மறைக்கவில்லை. அழைக்க வருகிற வீட்டாரே திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும் என்று எழுதினேன். தகுதி என்று ஒன்றே ஒன்றுதான் கேட்டேன், ஆஸ்பத்திரியில் பயின்ற சான்று. வயது, சாப்பாடு, குடும்பம், குழந்தை எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். பிரெஞ்சையும் அடித்தேன். நம்மூரில் எந்தப் பிள்ளையும் பிரெஞ்சில் அழுதுகொண்டு பிறப்பதில்லை.

கடைசி வரிக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. பிறகு எழுதினேன். இந்த வேலைக்கு வருகிறவர் ஊரின் எல்லாத் தெருக்களுக்கும் சேரிக்கும் போக வேண்டியவர், ஓரிடத்துக்குப் போய் வந்ததைச் சொல்லி இன்னோரிடத்தில் அவரைத் தடுக்க யாருக்கும் உரிமை இல்லை என்று. மேர் படித்தார். அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு, இது தேவையா என்றார். இது இல்லாவிட்டால் மற்றதை எழுதி என்ன பயன் என்றேன். ராவுத்தர் பக்கத்தில் இருந்தார், போட்டு விடுங்கள், முதல் ஆளாக என் மருமகளுக்கு அவளைத்தான் கூப்பிடப் போகிறேன் என்றார். மேர் கையெழுத்துப் போட்டார். எனக்கு அந்த ஒரு நாள் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்வானேன்.

நீ பெரிய குடித்தனக்காரி ஆகப்போகிறாய், வீட்டு வேலைக்கு ஆள் வைப்பாய், மாப்பிள்ளையும் ஆபீஸில் ஆள் எடுக்கும் நிலைமைக்கு ஒருநாள் வருவார். அதனால் இதைச் சொல்லி வைக்கிறேன். ஆள் தேடும்போது நமக்குப் பிடித்த குணங்களை அடுக்குவது சுலபம், அதில் நம் ஆசை மட்டும்தான் இருக்கும். வருகிறவளுக்கு எது தெரிய வேண்டுமோ அதை எழுதுவதுதான் கஷ்டம். அதிலும் எதை எழுத நமக்குக் கை கூசுகிறதோ, அதைத்தான் அவள் முதலில் தேடுவாள். அது இல்லாத தாளைப் படித்துவிட்டு, புத்தியுள்ளவள் வர மாட்டாள். வேறு வழியில்லாதவள் வருவாள், வந்த பிறகு தெரிந்துகொண்டு போய்விடுவாள்.

சுவரில் ஒட்டியதோடு விட்டிருந்தால் நம் வீட்டில் இந்தப் பிரச்சினை வந்திருக்காது. உத்தரவுப்படி தண்டோராவும் போட வேண்டும். தண்டோராக்காரன் நம் தெருவில் வந்து கடைசி வரியை நிறுத்தி நிறுத்திச் சொன்னபோது உன் அம்மா வாசலில் நெல் காயவைத்துக்கொண்டிருந்தாள். நான் சாயங்காலம் வந்ததும் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. யார் எழுதினது என்று கேட்டாள். நான்தான் என்றேன். முறத்தை வாசலிலேயே போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ரோசம்மாள் ஆடியில் வந்து சேர்ந்தாள். வீராம்பட்டினம் தேருக்குப் போய்விட்டு, குழந்தைக்கு வாங்கின கிலுகிலுப்பையோடு வந்து இறங்கினாள். சொன்னபடி ராவுத்தர் மருமகளுக்கு அவள்தான் பார்த்தாள், ஆண் பிள்ளை, தாயும் பிள்ளையும் சுகம். அதற்கடுத்து சேரியில் ஒரு பிரசவம். அதுவும் பிள்ளை குறுக்கே கிடந்த பிரசவம், சரசு. அவள் திருப்பி எடுத்தாள். அந்தத் தாய் இப்போது எழுந்து நடக்கிறாள். இதைக் கேட்டதும் நான் அவளை நம் வீட்டுக்கு வரச் சொன்னேன். கார்த்திகையில் உனக்குப் பிரசவம், முன்னாலேயே பேசி வைத்துக்கொள்ளலாம் என்று. உன் அம்மா அவளை உள்ளே கூப்பிடவில்லை. தோட்டத்துப் பக்கம் நிற்க வைத்தே பேசினாள். நான் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றேன்.

"அங்க தொட்ட கையோட எம் பொண்ணத் தொடுவியா நீ?" என்றாள் உன் அம்மா.

"கைய சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தான் அங்கயும் தொட்டன், இங்கயும் தொடுவன்," என்றாள் ரோசம்மாள். "உங்களுக்கு இஷ்டமில்லன்னா நான் வரல. ஆனா வலி எடுத்தப்புறம் ஓடியாந்து கூப்புடாதீங்க. முன்னாடியே ரெண்டு மூணு வாட்டி பொண்ண நான் பாத்திருக்கணும். பாக்காம வந்து நான் இன்னா பண்றது?"

சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குப் போய்விட்டாள். எனக்குக் கோபம் வந்தது. அவள் மேல் இல்லை, உன் அம்மா மேல். தனத்தை நினைத்துப் பார் என்றேன். தனத்துக்கு விதி என்றாள். நான் சத்தம் போட்டேன், அவள் அழுதாள். அழுதுகொண்டே சொன்னதைக் கேட்டால் அவளை முழுக்கக் குற்றம் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. உன் தங்கை பவுனுக்கு மாப்பிள்ளை பார்க்கிற நேரம், இவள் வந்து போன வீடு என்று தெரிந்தால் நாளைக்கு யார் பெண் கேட்டு வருவார்கள், நீங்கள் மேரியில் உட்கார்ந்து எழுதிவிட்டு வந்துவிடுகிறீர்கள், தெருவில் தண்ணீர் எடுக்கப் போகிறவள் நான்தானே என்றாள். யாருக்கும் தடுக்க உரிமை இல்லை என்று ஊருக்கெல்லாம் தண்டோரா போட்ட வரியை, முதலில் மீறியது அதை எழுதினவன் வீடு. ஊர் சிரிக்கிறது. ஊர் சிரிக்கட்டும், எனக்கு அதில் பயமில்லை. கரியமாணிக்கத்துக் கிழவிக்கு உன் அம்மா ஆள் அனுப்பிவிட்டாள், ஐப்பசியிலேயே வந்து தங்கச் சொல்லி. அதில்தான் எனக்குப் பயம்.

ஆக, இங்கே மருத்துவச்சி இல்லை என்பதற்காக வண்டி அனுப்பாமல் இருக்கவில்லை. நல்ல மருத்துவச்சி கூப்பிடு தூரத்தில் இருக்கிறாள். உன்னை இங்கே கொண்டுவந்து வைத்துவிட்டு, கார்த்திகை மழையில் ஆறு ஓட, கிழவி உன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, ரோசம்மாளை உள்ளே விடு, விடாதே என்று நானும் உன் அம்மாவும் வாசலில் நின்று சண்டை போட்டுக்கொண்டிருப்போம். அப்படி ஒரு நாள் வர நான் விட மாட்டேன். உன் அம்மாவோடு பேசிப் பேசி எனக்குத் தெம்பு போய்விட்டது. என் பேச்சு இந்த வீட்டில் இதற்கு மேல் எடுபடாது. உன் பேச்சு ஒருவேளை எடுபடும்.

அதனால் உன் அம்மாவுக்கு நீ தனியாக ஒரு கடிதம் எழுது. ரோசம்மாள் பார்ப்பதாக இருந்தால் வருகிறேன், இல்லாவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில், மாமியார் வீட்டிலேயே இருந்துவிடுகிறேன் என்று எழுது. பெற்றவளிடம் நிபந்தனை போடுவதா என்று தயங்காதே. சுற்றி வளைத்து எழுதாதே, மனம் நோகுமே என்று அந்த வார்த்தையை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் எழுதி அனுப்பாதே. நாங்கள் அப்படித்தான் மாசக்கணக்கில் எழுதிக்கொண்டிருந்தோம். கடிதத்தை நான் படித்துக் காட்டினால், நானாக ஏதோ சேர்த்துப் படிக்கிறேன் என்பாள் உன் அம்மா, பவுனு படிக்கட்டும். உன் அம்மா சரி என்று சொன்னால் ரோசம்மாள் முன்வாசல் வழியாக வருவாள், நான் பக்கத்தில் நின்று கூட்டி வருகிறேன். பவுனுக்கு இதைப் பொறுக்காத மாப்பிள்ளை வேண்டாம் என்று நான் முடிவு செய்துவிட்டேன், அவளிடமும் சொல்லிவிட்டேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

உன் அம்மா சரி சொல்லாவிட்டால் நீ வராதே. வழக்கத்தைக் கெடுத்தவன், பெண்ணைப் பிரசவத்துக்கு அழைக்காத கஞ்சன் என்ற பெயர் எனக்கு இருந்துவிட்டுப் போகட்டும். மாப்பிள்ளையிடமும் உன் மாமியாரிடமும் இதைப் படித்துக் காட்டு, என் மேல் உள்ள வருத்தத்தை என்னிடமே வந்து தீர்த்துக்கொள்ளச் சொல். பேரப்பிள்ளையை எங்கே பிறந்தாலும் நான் வந்து பார்த்துக்கொள்வேன். எனக்கு முதலில் நீ உயிரோடு வேண்டும், சரசு.

இப்படிக்கு,
உன் அப்பா